ஜுஜுவாடி தாண்டுனா லீகல்

2021 பிப்ரவரியா மார்ச்சான்னு சரியா ஞாபகம் இல்ல, ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் நானும் என்கூட வேல பாத்த தேனிக்காரத் தம்பியும் ஓசூர்ல இருந்து பைக்க எடுத்துக்கிட்டு ஜுஜுவாடி செக்போஸ்ட்ட தாண்டி கர்நாடகா பக்கம் இருக்கற அத்திப்பள்ளி போறோம். அந்தப் பக்கம் போற பைக்க பாத்தாலே சரக்கு வாங்கத்தான்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க. நாங்க போனது காசு வச்சு போக்கர்ங்கற சீட்டாட்டம் ஆட. அத்திப்பள்ளியில போக்கர் கிளப்பெல்லாம் ஒண்ணும் கிடையாது, ஆட்டம் எங்க ஃபோன்லதான் இருக்கு. ஆனா அந்த ஃபோன ஓசூர் ரூம்ல தொறந்தா ஆப்பு ஜிபிஎஸ்ஸ பாத்துட்டு "உங்கள் மாநிலத்தில் பணம் வைத்து விளையாட அனுமதி இல்லை"ன்னு சொல்லிரும், அதே ஃபோன பத்து கிலோமீட்டர் கூட இல்லாத அத்திப்பள்ளியில ஒரு டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து தொறந்தா "வாங்க சார்"னு டேபிள் போட்டுக் குடுக்கும்.

ஆறு மணி டோர்னமென்ட், பை-இன், அதாவது உள்ள நுழையற காசு, 550. அதுல 500 பரிசுத் தொகைக்கு, 50 ஆப்புக்காரனுக்கு. ரெண்டு டீ, ஒரு பவர் பேங்க், பக்கத்துல கன்னடத்துல சண்ட போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு லாரி டிரைவருங்க. நாப்பதாவது நிமிஷம் தம்பிக்கு ரெண்டு ராஜா வந்துச்சு, இருக்கறத மொத்தமா உள்ள தள்ளுனான், எதிராளி ஏஸும் ஜாக்கும் வச்சுக்கிட்டு அதே அளவு காச வச்சு கால் பண்ணான், நாலு சீட்டு வரைக்கும் ஒண்ணும் இல்ல, ரிவர்னு சொல்ற அஞ்சாவது, கடைசிச் சீட்டா ஏஸ் வந்து விழுந்துச்சு, ஏஸ் ஜோடி ராஜா ஜோடிய அடிச்சிருச்சு. அவன் ஒண்ணுமே பேசல, டீ கிளாஸ்ல மிச்சம் இருந்தத தரையில ஊத்திட்டு பைக் சாவிய எடுத்தான். திரும்பி வரும்போது ஜுஜுவாடி கிட்ட வந்ததும், "அண்ணே, இந்தக் கோட்டத் தாண்டிட்டா நாம மறுபடி நல்லவய்ங்க"ன்னான்.

இதுல பெரிய கூத்து எதுன்னா, அதே வருஷம் ஆகஸ்ட்ல தமிழ்நாட்டு தடைய ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, அக்டோபர்ல கர்நாடகா தன் பங்குக்கு ஒரு தடை கொண்டு வந்துச்சு. அப்பறம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில இருந்த தம்பியோட ஃப்ரெண்டுங்க சனிக்கிழமையானா ஓசூர் வந்து எங்க ரூம்ல ஒக்காந்து ஆட ஆரம்பிச்சாங்க. 2022 பிப்ரவரியில கர்நாடகா ஹைகோர்ட் அவங்க சட்டத்தையும் அடிச்சுத் தூக்குனதும் அவங்க வர்றது நின்னு போச்சு. அதே ஆட்டம், அதே ஆப்பு, அதே அம்பத்திரெண்டு சீட்டு. கோட்டுக்கு எந்தப் பக்கம் குற்றம்ங்கறது மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு.

இந்தக் கதைய இப்ப எதுக்கு சொல்றேன்னா, ஆன்லைன் போக்கர முறைப்படுத்தணுமா, தடை பண்ணணுமா, லைசன்ஸ் குடுத்து விட்டுரணுமான்னு பேசறவங்க முக்காவாசிப் பேரு ஒரு நாள் கூட நைட்டு ரெண்டு மணிக்கு போர்வைக்குள்ள ஃபோன் வெளிச்சத்துல டெபாசிட் போட்டவங்களா இருக்க மாட்டாங்க. நான் போட்டிருக்கேன்.

கோர்ட்டுல இந்த விவகாரம் எங்க போனாலும் ஒரே கேள்விதான், இது திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா. அந்தக் கேள்விக்கு வயசு அறுபதுக்கு மேல ஆச்சு. நம்ம 1930-ஆம் வருஷத்து சூதாட்டத் தடுப்புச் சட்டத்துலயே திறமை ஆட்டத்துக்கு விலக்கு இருக்கு. ரம்மிக்கு 1968-னு எல்லாரும் சொல்ற ஆந்திர அரசு - சத்யநாராயணா கேஸ், செகந்திராபாத்ல ஒரு கிளப்புல சீட்டாடுனவங்கள போலீஸ் புடிச்ச விவகாரம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூணு சீட்டு மாதிரி கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. விழுந்த சீட்ட ஞாபகம் வச்சுக்கணும், எத வச்சுக்கறது எத எறியறதுன்னு யோசிக்கணும், அதனால திறமை. இந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டுதான் ரம்மிக் கம்பெனிங்க அத்தனையும் நின்னுச்சு, போக்கர்காரங்களும் அதே வண்டியில ஏறிக்கிட்டாங்க.

ஆனா அதே தீர்ப்புல இன்னொரு விஷயம் இருக்கு, அத விளம்பரத்துல யாரும் போட மாட்டாங்க. கிளப்ப நடத்தறவன் அந்த ஆட்டத்துல இருந்து லாபம் பாக்கறான்னு ஆதாரம் இருந்தா அப்ப குற்றம் ஆகலாம்னும் சொல்லியிருக்கு. சீட்டுக்கட்டுக்கும் நாற்காலிக்கும் விளக்குக்கும் சின்னதா ஒரு கட்டணம் வாங்கறது வேற, ஆட்டத்துல இருந்து காசு எடுக்கறது வேற. எனக்கு சட்டம் தெரியாது, ஆனா இந்த இடத்தப் படிச்சப்ப, அட, விஷயம் இங்கதானே இருக்குன்னு தோணுச்சு.

போக்கர்ல ரேக்னு ஒண்ணு இருக்கு, ஆடாதவங்களுக்கு சொல்றேன். போக்கர்ல நீங்க ஆப்புக்காரன எதிர்த்து ஆடல, உங்கள மாதிரி இன்னொரு அஞ்சு பேர எதிர்த்து ஆடறீங்க. ஒரு ரவுண்டு ஆட்டத்துக்கு கைன்னு பேரு, ஆப்புக்காரன் ஒவ்வொரு கையிலயும் நடுவுல சேர்ற பணத்துல ஒரு பங்க உருவிக்குவான், அதுக்குப் பேருதான் ரேக். ஆறு பேரு ஆளுக்கு 1,000 ரூபாயோட ஒக்காருறாங்கன்னு வைங்க, டேபிள்ல மொத்தம் 6,000. ஒரு கைக்கு சராசரியா 200 ரூபா சேருது, அதுல 5 சதவீதம், அதாவது 10 ரூபா ரேக். ஆன்லைன்ல சீட்ட கலைச்சுப் போடற நேரமெல்லாம் கிடையாது, மணிக்கு 60 கை சாதாரணமா ஓடும். மணிக்கு 600 ரூபா. ஆறு பேரும் சம திறமைன்னே வச்சுக்கங்க, பத்து மணி நேரத்துல அந்த 6,000 முழுசும் ஆப்புக்காரன் கையில. யாரும் யாரையும் ஏமாத்தல, எல்லாரும் நல்லா ஆடுனாங்க, டேபிள்ல மட்டும் காசு இல்ல.

அப்ப திறமைக்கு என்ன வேலன்னா, ரேக் போக மிச்சம் இருக்கற காசு யாருகிட்ட போய்ச் சேரணும்ங்கறத அது முடிவு பண்ணும். எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது இதுதான். கோர்ட்டுல "திறமை ஆட்டம்"னு சொன்னா அது ஏதோ நல்ல சர்ட்டிஃபிகேட் மாதிரி எடுத்துக்கறாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, லாட்டரியில வாத்தியாருக்கும் கைநாட்டுக்கும் ஒரே வாய்ப்பு. போக்கர்ல அப்படி இல்ல. திறமை ஆட்டம்னா திறமை இல்லாதவன் தோக்கறது உறுதின்னு அர்த்தம். லேப்டாப்ல ஒரே நேரத்துல எட்டு டேபிள் தொறந்து வச்சுக்கிட்டு கணக்கு போட்டு ஆடறவன் எதிர்ல, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பஸ்ல ஆடற ஆபரேட்டர் ஒக்காருறாரு. அவருக்கு இவங்க வச்சிருக்கற பேரு ஃபிஷ். நல்ல டேபிள் எதுன்னு கேட்டா, ரெண்டு ஃபிஷ் இருக்கற டேபிள்ம்பாங்க. ஃபிஷ் காசு தீந்து எழுந்து போயிட்டா மத்தவங்களும் அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிருவாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு தடவ நான் எழுந்ததும் எல்லாரும் எழுந்தாங்க, அன்னிக்குத்தான் எனக்கு நான் யாருன்னு புரிஞ்சுது.

என் கணக்க சொல்லிடறேன். ஒரு நாள் லீவு போட்டுட்டு பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுத்து வரி வரியா கூட்டுனேன். உள்ள போட்டது 1,38,500, வெளிய எடுத்தது 79,200. போச்சு 59,300. வீட்டுல சொன்ன கணக்கு 8,000. ஆப்புல என் ப்ரொஃபைல்ல ஏறக்குறைய 36,000 கை ஆடியிருக்கேன்னு காட்டுச்சு. கைக்கு 10 ரூபா ரேக், ஆறு பேருக்குப் பிரிச்சா என் பங்கு ஒண்ணே முக்கால் கூட வராது, அத 36,000-ல பெருக்குனா 60,000. துல்லியமான கணக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா கிட்டத்தட்ட நான் தோத்தது எவன்கிட்டயும் இல்ல, வாடகைதான் கட்டியிருக்கேன். சராசரி ஆட்டக்காரன் கதி அதுதான். அந்த ஸ்டேட்மென்ட்ட பாத்தப்ப காசு போனத விட பெருசா அடிச்சது வேற ஒண்ணு, டெபாசிட் நேரம். 1.12, 1.40, 2.05, 2.06, 2.31. எல்லாம் நடுராத்திரி. பகல்ல போட்ட டெபாசிட்ட விரல் விட்டு எண்ணிரலாம்.

சரி, அரசாங்கம் என்ன பண்ணுச்சு. 2020 நவம்பர்ல எடப்பாடி ஆட்சியில அவசரச் சட்டம், பின்னாடி 2021 பிப்ரவரியில சட்டம், ஆடுனா 5,000 ரூபா அபராதமோ 6 மாசம் ஜெயிலோன்னு. தற்கொலைச் செய்திங்க தொடர்ந்து வந்துக்கிட்டு இருந்த நேரம், அரசு சொன்ன காரணமும் அதுதான், அத யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா சட்டத்த எழுதுன விதம், திறமை, அதிர்ஷ்டம் எதையும் பாக்காம காசு வச்சா மொத்தமா தப்புன்னு இருந்துச்சு. 2021 ஆகஸ்ட் 3 தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி பெஞ்சு அத ரத்து பண்ணுச்சு. அடுத்து வந்த திமுக அரசு 2022 ஜூன்ல நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டுச்சு, அந்த மாசமே அறிக்கை வந்துச்சு, அக்டோபர்ல அவசரச் சட்டம், அதே மாசம் மசோதா, கவர்னர் கையெழுத்து போடாம அவசரச் சட்டம் காலாவதி ஆகி, மார்ச்ல மசோதாவ திருப்பி அனுப்பி, சட்டசபை திரும்பவும் நிறைவேத்தி, 2023 ஏப்ரல் 10 ஒருவழியா ஒப்புதல். அந்த அஞ்சாறு மாசமும் நானும் தம்பியும் டெய்லி பேப்பர பாத்தோம். நாட்டு மேல அக்கறையில இல்ல, இன்னிக்கு ஆடலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்க.

அந்தச் சட்டத்தோட அட்டவணையில ரம்மி, போக்கர் ரெண்டையும் பேரு போட்டு அதிர்ஷ்ட ஆட்டம்னு எழுதியிருந்தாங்க. 2023 நவம்பர்ல ஹைகோர்ட் அந்த அட்டவணைய மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்ச சட்டம் செல்லும்னு சொல்லுச்சு. திறமை ஆட்டத்த தடை பண்ண முடியாது, ஆனா வயசு, நேரம் மாதிரி கட்டுப்பாடு போட்டுக்கலாம்னு ஒரு கதவ தொறந்து விட்டுச்சு.

போக்கர் திறமையா இல்லையாங்கறதுல ஒவ்வொரு ஊரும் ஒவ்வொண்ணு சொல்லும், கேட்டா சிரிப்பு வரும். மேற்கு வங்கத்துல 1957 சட்டத்துலயே போக்கர பேரு சொல்லி சூதாட்டத்துல இருந்து விலக்கி வச்சிருக்காங்க. நாகாலாந்து திறமை ஆட்டம்னு பட்டியல் போட்டு லைசன்ஸ் குடுத்துச்சு. குஜராத் ஹைகோர்ட் 2017-ல போக்கர் சூதாட்டம்தான்னு சொல்லிருச்சு. கோவாவுல மாண்டவி ஆத்துல கப்பல் மேலயே டேபிள் போட்டு ஆடலாம். சீட்டுக்கட்டு மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

நடுவுல மத்திய அரசு வேற ஒரு வேல பண்ணுச்சு. 2023 அக்டோபர் 1-ல இருந்து போடற டெபாசிட் முழுசுக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. அதுக்கு முன்னாடி ஆப்புக்காரன் எடுக்கற கமிஷனுக்கு மட்டும் 18 இருந்துச்சு. அப்ப 1,000 ரூபா போட்டா 218 ரூபா 75 காசு வரி, கையில 781 சொச்சம். ஜெயிச்சு எடுத்தா நிகர லாபத்துல 30 சதவீதம் டிடிஎஸ். தம்பி அன்னிக்கு சொன்னது, "அண்ணே, ஆறு பேரு டேபிள்ல ஏழாவதா ஒருத்தரு ஒக்காந்துட்டாரு, அவருக்கு சீட்டே போட வேணாம்." இவ்வளவு வரி வாங்குனா இது சட்டப்படி நடக்கற தொழில்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதான்னு நாங்க நெனச்சோம். தப்பா நெனச்சோம்.

2025 பிப்ரவரியில தமிழ்நாடு ஆன்லைன் கேமிங் ஆணையம் விதிகள கொண்டு வந்துச்சு. ஆதார் ஓடிபி இல்லாம கணக்கு கிடையாது, 18 வயசுக்கு கீழ கூடாது, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடுனா இவ்வளவு நேரம் ஆச்சு இவ்வளவு காசு போச்சுன்னு ஸ்க்ரீன்ல எச்சரிக்கை வரணும், அப்பறம் அரை மணிக்கொரு தடவ வரணும், நாளுக்கு வாரத்துக்கு மாசத்துக்கு செலவு வரம்பு வச்சுக்கணும், ராத்திரி 12-ல இருந்து காலையில 5 வரைக்கும் ஆட்டமே கிடையாது. கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, வயசு வந்த ஆளு எப்ப தூங்கணும்னு அரசாங்கம் சொல்லுமான்னு கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்விதான், இல்லேங்கல. 2025 ஜூன் 3 ஹைகோர்ட் விதிகள் செல்லும்னு சொல்லிருச்சு.

மத்த விதியெல்லாம் எனக்கு பெருசா தெரியல. எச்சரிக்கைப் பெட்டிய நான் சிகரெட் அட்டைப் படம் மாதிரி பாக்காமலே தள்ளி விட்டுருவேன். ஆனா அந்தப் பன்னெண்டு மணி இருக்கே. மொத நாளு 11.50-க்கு நான் 700 ரூபா கீழ இருக்கேன். உள்ளுக்குள்ள அந்த சூடு ஏறிருச்சு, போக்கர்ல அதுக்கு டில்ட்டும்பாங்க, விட்டத புடிச்சுட்டுதான் எழுந்திருக்கணும்னு ஒரு வெறி. இன்னொரு ஆயிரம் போடலாம்னு போறேன், டேபிள் மூடிக்கிச்சு. ஸ்க்ரீன்ல காலையில 5 மணிக்கு வாங்கன்னு ஒரு வரி. ஃபோன கவுத்துப் போட்டுட்டு கொஞ்ச நேரம் ஃபேன பாத்துக்கிட்டு படுத்திருந்தேன், பொண்டாட்டி தூக்கத்துலயே "என்ன, இன்னிக்கு சீக்கிரம் படுத்துட்ட"ன்னா. காலையில எந்திரிச்சப்ப அந்த வெறி இல்ல. 700 ரூபாதான் போயிருந்துச்சு. எனக்கு எந்த டாக்டரும் எந்த அறிவுரையும் பண்ணாதத ஒரு பூட்டு பண்ணுச்சு. திறமையா அதிர்ஷ்டமான்னு அந்தப் பூட்டு கேக்கல, மணி என்னன்னு மட்டும் பாத்துச்சு.

ஆறே மாசம்தான். 2025 ஆகஸ்ட் 20 மக்களவையில மத்திய அரசோட மசோதா, மறுநாள் மாநிலங்களவை, 22-ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. திறமையோ அதிர்ஷ்டமோ ரெண்டும் கலந்ததோ, காசு வச்சு ஆன்லைன்ல ஆடறது மொத்தமா தடை. நடத்தறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம், விளம்பரம் பண்ணா 2 வருஷம், பேங்க்கும் இதுக்குப் பணம் அனுப்பி விடக் கூடாது. ஆடறவனுக்கு தண்டனை இல்ல, அது ஒரு நல்ல விஷயம், 2020-ல நம்ம ஊரு சட்டம் ஆடறவனையும் உள்ள வைக்கப் பாத்துச்சு. 45 கோடி பேரு வருஷத்துக்கு 20,000 கோடி இழக்கறாங்கன்னு அரசு ஒரு கணக்கு சொல்லுச்சு. சில நாள்ல எல்லா ஆப்பும் கடைய மூடுச்சு, இந்திய கிரிக்கெட் டீம் சட்டையில இருந்த ஸ்பான்சர் ஆப்போட பேரே காணாம போச்சு. எதிர்த்துப் போட்ட கேஸையெல்லாம் செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தன்கிட்ட வாங்கிக்கிச்சு.

தடை வேலைக்கே ஆகாதுன்னு ஒரே அடியா பேசறவங்களோட எனக்கு ஒத்து வராது. எங்கப்பா லாட்டரி வாங்குவாரு, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல ஒரு கடை, சம்பள நாளு தவறாது. 2003 ஜனவரியில ஜெயலலிதா லாட்டரிய தடை பண்ணாங்க, கடை போச்சு, அப்பா நிறுத்திட்டாரு. அவ்வளவுதான். தேடிப் போய் வாங்கற அளவுக்கு அவருக்கு வெறி இல்ல. எதிர் வீட்டுக்காரரு அப்படி இல்ல, அவரு மூணு நம்பர் லாட்டரிக்குப் போனாரு, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கறது, இன்னிக்கும் வாரத்துக்கு ஒருத்தர அதுல புடிச்சதா பேப்பர்ல வருது. தடை எங்கப்பாவ காப்பாத்துச்சு, எதிர் வீட்டுக்காரர இன்னும் மோசமான கடைக்கு அனுப்புச்சு. ரெண்டும் உண்மை. என் சந்தேகம், ஃபோன்ல கடை மூடறதுன்னா என்ன அர்த்தம்ங்கறதுதான். பஸ் ஸ்டாண்ட் கடை மூடுனா நாமதான் தேடிப் போகணும். ஃபோன்ல கடையே நம்மள தேடி வரும்.

அமெரிக்காவுல இத ஒரு ரவுண்டு பாத்துட்டாங்க. 2006-ல பேங்க் வழிய அடைச்சாங்க, 2011 ஏப்ரல் 15 பெரிய போக்கர் தளங்கள ஒரே நாள்ல முடக்குனாங்க, ஆட்டக்காரங்க அதுக்கு பிளாக் ஃபிரைடேன்னு பேரு வச்சாங்க. ஃபுல் டில்ட்டுங்கற கம்பெனி ஆட்டக்காரங்க போட்டு வச்ச காச செலவு பண்ணிட்டது அப்பதான் வெளிய வந்துச்சு, காசு திரும்ப வர ஆரம்பிக்க 2014 ஆச்சு. அதுக்கு நடுவுலயே நியூஜெர்சி மாதிரி சில மாநிலங்க 2013-ல லைசன்ஸ் குடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. ஆட்டக்காரன் காசு தனிக் கணக்குல இருக்கணும், மாநில எல்லைக்கு வெளிய ஆட முடியாது, "என்ன உள்ள விடாதீங்க"ன்னு நாமளே எழுதிக் குடுத்தா அத்தன தளமும் கதவச் சாத்தணும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் இங்க இருந்திருந்தா நான் என்னிக்கோ எழுதிக் குடுத்திருப்பேன், 59,300-ல பாதி மிஞ்சியிருக்கும்.

ஆப்பு மூடுனப்ப என் கணக்குல 212 ரூபா இருந்துச்சு, கேட்ட ரெண்டு நாள்ல பேங்க்ல வந்து விழுந்துச்சு. அந்த மட்டும் ஒழுங்காத்தான் நடந்துச்சு. மூணு வாரம் கழிச்சு தெரியாத நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ், போக்கர் கிளப், 24 மணி நேரமும், ஆப்ப நேரா இறக்கிக்க ஏபிகே லிங்க் இருக்கு, ஆடறதுக்கு சிப்ஸ் வேணும்னா ஏஜென்ட்டுக்கு ஜிபே பண்ணுங்கன்னு. ஆதார் வேணாம், லிமிட் இல்ல, வரி இல்லன்னு பெருமையா போட்டிருந்தான். பிளாக் பண்ணேன். நாலு நாள்ல வேற நம்பர். தம்பிக்கு ஃபோன் போட்டு உனக்கும் வந்துச்சாடான்னு கேட்டேன்.

"வந்துச்சுண்ணே. சும்மா உள்ள என்னதான் இருக்குன்னு தொறந்து பாத்தேன்."

எத்தன மணிக்குடா பாத்தன்னு கேட்டேன். சிரிச்சான்.